முகப் படங்களைச் சேர்க்கும் முன்: ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பொறியியல் கல்லூரிகளில் ப்ராஜெக்ட் தலைப்பு கேட்கும் மாதம் வந்தால், முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடும் ஏற்பாடு எப்படியும் இரண்டு மூன்று குழுக்களின் பட்டியலில் இருக்கும். கொஞ்சம் பைத்தான், ஒரு வெப்கேம், வகுப்புத் தோழர்களின் படங்கள், முகங்களை அடையாளம் காணப் பயிற்றுவித்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருள், அதாவது ஒரு மாடல். இரண்டே வாரத்தில் திரையில் முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம் வந்து, மேலே பெயரும் வந்துவிடும். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

எங்கள் குழுவில் நான்கு பேர். வகுப்பில் இருந்த 58 பேரையும் ஒரு மதிய இடைவேளையில் வரிசையாக நிற்கவைத்து, ஆளுக்கு இருபது படம் எடுத்தோம். "ப்ராஜெக்ட்டுக்குப்பா" என்பதற்கு மேல் நாங்கள் எதுவும் விளக்கவில்லை. யாரும் மறுக்கவும் இல்லை. படிப்பு முடிந்து இரண்டு ஆண்டு கழித்து, அந்த 58 பேரில் ஒருத்தி ஃபோன் செய்தாள். "என் ஃபோட்டோ எல்லாத்தையும் எடுத்துடுறியா?" காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் லேப்டாப்பில் ஒரு நகல், கூகுள் டிரைவில் ஒன்று, குழு நண்பனிடம் ஒன்று. மூன்றையும் அழித்தோம். அப்புறம்தான் தெரிந்தது: கல்லூரி லேபில் விட்டுவந்த நகலை ஜூனியர்கள் பென் டிரைவில் எடுத்து, ரெடியாக இருக்கிற டேட்டாசெட் (படத் தொகுப்பு) என்று அடுத்த பேட்ச்சுக்கும் கொடுத்திருந்தார்கள். அதில் ஒருவர் தன் ப்ரோகிராம் கோடுடன் சேர்த்து அந்தப் படங்களையும், கோடு பகிரும் பொதுத் தளமான கிட்ஹப்பில் ஏற்றியிருந்தார். "எல்லாம் போயிடுச்சா?" என்று அவள் கேட்டபோது ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது மாணவர்களின் ப்ராஜெக்ட்டுகளுக்கு நானே வழிகாட்டுகிறேன். முகம் சம்பந்தப்பட்ட தலைப்போடு யார் வந்தாலும் முதல் நாளே அவர்களிடம் இதைத்தான் கேட்கிறேன்: நாளை ஒருவர் வந்து "என் முகத்தைத் திருப்பிக் கொடு" என்றால் உங்களால் கொடுக்க முடியுமா? கீழே உள்ள படிகள் எல்லாமே அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லும் நிலையில் உங்களை வைப்பதற்காகத்தான்.

முதல் படி: முகம் தேவையா என்று பாருங்கள்

ஒரு படத்தில் முகம் இருக்கிறதா என்று கண்டறிவது ஒரு வேலை. இந்த முகமும் அந்த முகமும் ஒருவருடையதா என்று சரிபார்ப்பது இன்னொன்று. கூட்டத்தில் இருக்கும் இந்த முகம் யாருடையது என்று பட்டியலில் தேடுவது மூன்றாவது. புதிதாக வருபவர்கள் மூன்றையும் ஒரே பெயரில் அழைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். கேன்டீனில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுவதற்கு முதல் வேலை போதும்; யாருடைய பெயரும் தெரிய வேண்டாம், எண்ணியவுடன் படத்தைத் தூக்கி எறியலாம். லாக்கரைத் திறப்பதற்கு இரண்டாவது போதும். முகத்தின் தகவல் அந்தக் கருவியை விட்டு வெளியே போக வேண்டாம். மூன்றாவதுக்குத்தான் எல்லோருடைய முகமும் பெயரும் ஓரிடத்தில் சேர்ந்து கிடக்க வேண்டும். ஆபத்து அதிகமும் அங்கேதான்.

உங்கள் தேவை முதல் இரண்டில் முடிந்துவிடும் என்றால் அங்கேயே நில்லுங்கள். பாதித் தலைப்புகள் அப்படி முடிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: டவுன்லோட் செய்யும் டேட்டாசெட்டுக்கு வில்லங்கம் பாருங்கள்

நிலம் வாங்கும்போது தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்க்காமல் யாரும் முன்பணம் கொடுப்பதில்லை. ஒரு லட்சம் மனிதர்களின் முகத்தை டவுன்லோட் செய்யும்போது மட்டும் ஒரு கிளிக்கோடு முடித்துவிடுகிறோம். இந்தப் படியில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள், ஏனென்றால் இந்தத் துறையின் பழைய பிழைகள் எல்லாம் இங்கேதான் குவிந்திருக்கின்றன.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1993 முதல் 1996 வரை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை செலவில் ஃபெரெட் என்ற தொகுப்பு உருவானது. ஆட்களை அழைத்து, கேமரா முன் உட்காரவைத்து எடுத்த படங்கள். 1,199 பேர், 14,126 படங்கள். அதற்கு ஆன செலவும் நேரமும் அதிகம். 2007இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்திலிருந்து எல்எஃப்டபிள்யூ என்ற தொகுப்பு வந்தது. 5,749 பேரின் 13,233 படங்கள், எல்லாம் யாஹூ செய்திப் பக்கங்களில் வந்தவை. படத்தில் இருந்த யாரையும் யாரும் கேட்கவில்லை. அதன்பின் அதுவே வழக்கமானது. டெபோரா ராஜி, ஜெனிவீவ் ஃப்ரைட் என்ற இரு ஆய்வாளர்கள் நாற்பது ஆண்டுக்கும் மேலான காலத்தில் வந்த நூற்றுக்கும் அதிகமான முகத் தொகுப்புகளை ஆராய்ந்து 2021இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். படங்களின் எண்ணிக்கைப் பசி கூடக் கூட, சம்மதம் கேட்கும் பழக்கம் படிப்படியாகக் கைவிடப்பட்டதை அதில் காட்டினார்கள்.

2016இல் மைக்ரோசாஃப்ட் எம்எஸ்-செலப்-1எம் என்ற தொகுப்பை வெளியிட்டது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர், ஒரு கோடி படங்கள். பெயரில் பிரபலங்கள் என்று இருந்தாலும், பத்திரிகையாளர்களும் அந்தரங்க உரிமைக்காக எழுதுபவர்களும்கூட உள்ளே இருந்தார்கள். டியூக் பல்கலைக்கழகத்தில் 2014 மார்ச்சில் எட்டு கேமராக்கள் வைத்து, வளாகத்தில் நடந்துபோன இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் படம்பிடித்து ஒரு தொகுப்பாக்கினார்கள். வகுப்புக்குப் போன பிள்ளைகள் அவர்கள். பெர்லினில் இருக்கும் ஆடம் ஹார்வி என்ற கலைஞர் இந்தத் தொகுப்புகள் எங்கெல்லாம் போயின என்று தேடித் தொகுத்தார், பத்திரிகைகளும் எழுதின. 2019இல் இரண்டும் திரும்பப் பெறப்பட்டன. பல்கலைக்கழக நெறிமுறைக் குழு கொடுத்த அனுமதியை டியூக் தொகுப்பு மீறியது என்று தெரியவந்தது. அதை உருவாக்கிய பேராசிரியர் மாணவர்களிடம் வெளிப்படையாக மன்னிப்பு கேட்டார்.

ஆனால் நகல்கள் போகவில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் ஏறக்குறைய ஆயிரம் ஆய்வுக் கட்டுரைகளைப் பார்த்தபோது, திரும்பப் பெற்ற தொகுப்புகளும் அவற்றிலிருந்து பிறந்த புதுத் தொகுப்புகளும் தொடர்ந்து புழங்கிக்கொண்டிருந்தன. எங்கள் லேபில் பென் டிரைவில் நடந்தது, உலக அளவில் சர்வர்களில் நடந்திருக்கிறது. ஒரு முறை கைநழுவிய முகத்தைத் திரும்பச் சேர்த்து எடுப்பது மைக்ரோசாஃப்ட்டாலேயே முடியவில்லை.

சரி, எப்படிப் பார்ப்பது? முதலில், தொகுப்பைப் பகிரும் பக்கத்தை நம்பாமல் அதை உருவாக்கியவர்கள் எழுதிய மூலக் கட்டுரைக்குப் போங்கள். படங்களை எங்கிருந்து எடுத்தார்கள் என்ற பகுதியைப் படியுங்கள். "இணையத்திலிருந்து சேகரித்தோம்" என்று ஒரே வரியில் முடித்திருந்தால், யாரிடமும் கேட்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, அதன் அதிகாரபூர்வப் பக்கம் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். மூலப் பக்கம் மூடப்பட்டு, யாரோ ஒருவரின் டிரைவ் இணைப்பில் மட்டும் கிடைக்கிறதென்றால் அதுதான் வில்லங்கம். மூன்றாவது, பெயர் மாறி வந்திருக்கிறதா என்று பாருங்கள். எம்எஸ்1எம்வி2 என்று புழங்கும் தொகுப்பு, மைக்ரோசாஃப்ட் திரும்பப் பெற்ற அதே தொகுப்பைச் சுத்தம் செய்து ஆக்கியதுதான்.

லைசென்ஸ் விஷயத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் ஏமாறுகிறார்கள். "கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்தானே சார், எடுத்துக்கலாம்ல" என்று மாணவர்கள் சக ஆசிரியர்களிடம் கேட்பதைக் கேட்டிருக்கிறேன். அந்த லைசென்ஸ், என் படத்தை மற்றவர்களும் பயன்படுத்தலாம் என்று படம் எடுத்தவர் தன் பதிப்புரிமையைப் பற்றிச் சொல்வது. படத்தில் இருப்பவரின் முகத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. நம்மூர்க் கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். ஃபோட்டோகிராஃபர் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஆல்பத்தைப் போடுகிறார். படம் அவருடையது, மணமக்கள் சரி என்றிருக்கிறார்கள். பந்தியில் மூன்றாவது இலையில் உட்கார்ந்து பாயசம் சாப்பிடும் சித்தியிடம் யார் கேட்டார்கள்? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மெகாஃபேஸ் தொகுப்பில் இதுதான் நடந்தது. ஃப்ளிக்கர் தளத்தில் மக்கள் ஏற்றிய குடும்பப் படங்களிலிருந்து சுமார் 6,72,000 பேரின் 47 லட்சம் படங்கள் அதில் சேர்ந்தன. பெற்றோர் ஆசையாக ஏற்றிய குழந்தைப் படங்களும் உள்ளே போயின. அந்தக் குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகுதான், 2019இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியபோதுதான், சிலருக்கு விஷயமே தெரிந்தது.

அதே ஃப்ளிக்கர் படங்களிலிருந்து 2019 தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனமும் பத்து லட்சம் முகங்களைத் தொகுத்து வெளியிட்டது. அவர்கள் நோக்கம் நல்லது. அதற்கு முந்தைய ஆண்டு ஜாய் புவலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் நடத்திய ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்கள் கறுத்த நிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை தவறு செய்தன. வெளுத்த நிற ஆண்களிடம் தவறு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. எல்லா நிறமும் எல்லா வயதும் உள்ள தொகுப்பு வேண்டும் என்று ஐபிஎம் நினைத்தது நியாயம்தான். ஆனால் யாருக்கு நியாயம் செய்ய நினைத்தார்களோ அவர்களையே கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். நம் மாணவர்கள் "இந்திய முகங்கள் எங்கேயும் இல்லை, அதனால் நாங்களே இணையத்திலிருந்து சேர்த்தோம்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது. இல்லாத குறை உண்மை, அதைத் தீர்க்கக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

படங்களே டவுன்லோட் செய்யவில்லை, மாடலை மட்டும்தான் எடுத்தோம் என்பவர்களுக்கும் ஒன்று. நம் ஊர் ப்ராஜெக்ட்டுகளில் அதிகம் காணப்படும் ஃபேஸ் ரெகக்னிஷன் என்ற பைத்தான் லைப்ரரி உள்ளுக்குள் டிலிப் மாடலைப் பயன்படுத்துகிறது. அந்த மாடல் சுமார் 30 லட்சம் முகங்களில் பயிற்றுவிக்கப்பட்டது; அவற்றில் ஒரு பெரும் பங்கு இணையத்திலிருந்து வாரி எடுத்தவை என்று அதை உருவாக்கியவரே எழுதியிருக்கிறார். ஆக்ஸ்ஃபோர்டின் விஜிஜிஃபேஸ்2 தொகுப்பில் 9,131 பேரின் 33 லட்சம் படங்கள், கூகுள் படத் தேடலில் கிடைத்தவை. இவற்றைத் தொடவே கூடாது என்று நான் மாணவர்களுக்குச் சொல்வதில்லை. அப்படிச் சொன்னால் அவர்களால் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. ஆனால் ரிப்போர்ட்டில் மாடலின் பெயரோடு, அது யாருடைய முகங்களில் பயின்றது, அவர்கள் கேட்கப்பட்டார்களா என்ற இரண்டு வரிகளையும் கட்டாயம் எழுதவைக்கிறேன். எழுதும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கிறேன்.

கேட்டு வாங்கிய தொகுப்புகளும் இருக்கின்றன. மெட்டா 2021இல் வெளியிட்ட கேஷுவல் கான்வர்சேஷன்ஸ் தொகுப்பில் 3,011 பேர், பணம் பெற்று, சம்மதித்து, தங்கள் வயதையும் பாலினத்தையும் தாங்களே சொன்னவர்கள். 2023இல் வந்த இரண்டாம் பதிப்பில் 5,567 பேர். ஏழு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. சோனி 2025இல் வெளியிட்ட ஃபீபி தொகுப்பில் 1,981 பேரின் 10,318 படங்கள். சம்மதத்தைப் பின்னர் திரும்பப் பெறவும் அதில் வழி வைத்திருக்கிறார்கள். இவை மாடலைச் சோதித்துப் பார்ப்பதற்காகக் கொடுக்கப்பட்டவை, அதனால் நிபந்தனைகளைப் படித்துவிட்டுத் தொடுங்கள். பயிற்றுவிக்க வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட்டின் டிஜிஃபேஸ்-1எம் இருக்கிறது: 12 லட்சம் படங்களும் கணினியில் வரைந்த, உலகில் இல்லாத மனிதர்களுடையவை. செயற்கை முகம் என்று பெயர் வந்தாலே பாதுகாப்பு என்று மட்டும் நினைக்காதீர்கள். சில செயற்கை முகங்களை உருவாக்கும் மாடலே, ஃப்ளிக்கரிலிருந்து எடுத்த 70,000 உண்மை முகங்களில் பயின்றதாக இருக்கும். அதற்கும் தாய்ப்பத்திரம் பாருங்கள்.

மூன்றாம் படி: சட்டத்தை ஒரு பார்வை

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் சொன்னது. அதன்பின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. உங்களுக்கு நேரடியாகப் படும் இடங்கள் இவை. சம்மதம் சுதந்திரமாக, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விவரம் தெரிந்து கொடுக்கப்பட வேண்டும். கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். விவரத்தைத் தமிழிலேயே படிக்கும் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள்: முதலாண்டு வகுப்பில் 17 வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள்.

ஒருவர் தானே பொதுவெளியில் போட்ட தரவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. தானே என்ற சொல் முக்கியம். கல்யாண ஆல்பத்துச் சித்தி எதையும் போடவில்லை. ஆய்வுக்கும் ஒரு விலக்கு உண்டு, குறிப்பிட்ட ஒருவரைப் பற்றிய முடிவெடுக்க அந்தத் தரவைப் பயன்படுத்தாதபோது மட்டும். அட்டெண்டன்ஸ் போடுவது குறிப்பிட்ட ஒருவரைப் பற்றிய முடிவுதானே.

வெளிநாட்டில் வேலைக்குப் போகப்போகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2008இலிருந்தே, முக அளவீட்டைச் சேகரிக்க எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும். அந்தச் சட்டத்தின்கீழ் ஃபேஸ்புக் 65 கோடி டாலர் கொடுத்து ஒரு வழக்கை முடித்துக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், இணையத்திலிருந்தோ சிசிடிவியிலிருந்தோ கண்மூடித்தனமாக முகங்களை வாரி அடையாளத் தொகுப்பு கட்டுவதை 2025 பிப்ரவரி முதல் தடைசெய்திருக்கிறது.

நான்காம் படி: கேட்கும் விதத்தில் கேளுங்கள்

கேட்பவர் யார் என்பதிலிருந்தே சம்மதம் தொடங்குகிறது. ஸ்வீடனில் ஷெலெஃப்டெயோ என்ற ஊரில் ஒரு பள்ளி, 22 மாணவர்களுக்கு முகத்தைப் பார்த்து வருகைப் பதிவு செய்து பார்த்தது. சம்மதம் வாங்கித்தான் செய்தோம் என்றது பள்ளி. பள்ளிக்கும் மாணவருக்கும் இடையில் இருக்கும் ஏற்றத்தாழ்வில் அந்தச் சம்மதம் சுதந்திரமானது ஆகாது என்று சொல்லி, 2019இல் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அமைப்பு இரண்டு லட்சம் குரோனா அபராதம் போட்டது. இன்டர்னல் மார்க் கையில் வைத்திருக்கும் மேடம் வகுப்பில் நின்று "யாருக்காவது ஆட்சேபனை இருக்கா?" என்று கேட்டால் எந்தக் கை உயரும்? ஆகவே ஆசிரியர் கேட்க வேண்டாம். நீங்கள் கேளுங்கள், தனித்தனியாகக் கேளுங்கள், தாளைக் கொடுத்துவிட்டு மறுநாள் வாங்கிக்கொள்ளுங்கள். இரவு யோசிக்க இடம் கொடுத்தால் சிலர் வேண்டாம் என்பார்கள். அதற்காகத்தான் இடம் கொடுப்பது.

இன்னொரு தவறு பல குழுக்கள் செய்வது. பல வயதும் பல நிறமும் வேண்டுமென்று வாட்ச்மேன் தாத்தாவையும் ஹவுஸ்கீப்பிங் அக்காக்களையும் நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள். "இங்க பாருங்கக்கா, ஒரு நிமிஷம்" என்றால் அந்த அக்கா பார்ப்பார்; பார்க்காமல் இருக்க அவருக்குத் துணிவு வராது, வேலை அங்கே. 2019இல் கூகுளுக்காக ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள் கறுத்த நிற முகங்களைத் தேடி அட்லாண்டாவில் வீடற்றவர்களை அணுகி, ஐந்து டாலர் கிஃப்ட் கார்டு கொடுத்து முகத்தைப் பதிந்தார்கள் என்று செய்தி வந்தது. கூகுள் அந்தச் சேகரிப்பை நிறுத்திவைத்தது. மறுக்க முடியாதவரிடம் வாங்கியது சம்மதமே ஆகாது. அவர்களைச் சேர்த்தே ஆக வேண்டுமென்றால், உட்காரவைத்து, தாளில் உள்ளதை வாசித்துக் காட்டி, வேண்டாம் என்று சொல்லலாம் என்பதை இரண்டு முறை சொல்லி, செலவழித்த நேரத்துக்குப் பணமும் கொடுங்கள்.

தாளில் என்ன எழுதுவது? நான் மாணவர்களுக்குக் கொடுக்கும் வாசகம் இது. தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

"நாங்கள் நான்கு இறுதியாண்டு மாணவர்கள். முகத்தைப் பார்த்து வருகையைப் பதியும் ஒரு மென்பொருளைச் செய்து பார்க்கிறோம். அதற்காக உங்கள் முகத்தை 15 படங்கள் எடுக்க அனுமதி கேட்கிறோம். அந்தப் படங்களிலிருந்து உங்கள் முகத்துக்கான எண்வரிசை ஒன்று கணக்கிடப்படும். படங்களையும் எண்வரிசையையும் நாங்கள் நால்வரும் எங்கள் கைடும் (வழிகாட்டும் ஆசிரியர்) மட்டுமே பார்ப்போம். இணையத்தில் ஏற்ற மாட்டோம். அடுத்த ஆண்டு மாணவர்களுக்குக் கொடுக்க மாட்டோம். ஏப்ரல் 30 அன்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு உங்களுக்குச் செய்தி அனுப்புவோம். நீங்கள் மறுத்தாலும், சம்மதித்த பிறகு மனம் மாறினாலும், உங்கள் மதிப்பெண்ணுக்கோ வருகைப் பதிவுக்கோ எந்தப் பாதிப்பும் வராது. மனம் மாறினால் கீழே உள்ள எண்ணுக்கு ஒரு செய்தி போதும். காரணம் சொல்ல வேண்டாம்."

இதன் கீழே ஒரே கையெழுத்து வாங்காதீர்கள். மாடலுக்குப் பயன்படுத்த ஒரு கட்டம், ரிவ்யூ நாளில் திரையில் காட்ட ஒரு கட்டம், ரிப்போர்ட்டில் அச்சிட ஒரு கட்டம் என்று மூன்று வையுங்கள். முதலாவதுக்குச் சரி என்பவர் மூன்றாவதுக்கு வேண்டாம் என்பது மிகவும் சகஜம், குறிப்பாகப் பெண்கள். படம் எடுக்கும் இடத்தில் வெறும் சுவர் பின்னணியாக இருக்கட்டும். கையெழுத்துப் போடாத யாரோ பின்னால் நடந்துபோனால் அந்தப் படத்தை அங்கேயே அழித்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: வைக்கும் இடம்

படத்தை எடுத்த ஃபோனிலேயே முதல் கசிவு நடக்கிறது. கேலரி தானாகவே கூகுள் ஃபோட்டோஸுக்குப் போகும்படி பெரும்பாலான ஃபோன்களில் இருக்கும். எடுப்பதற்கு முன்பே அதை நிறுத்துங்கள். படங்களை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிச் சேர்க்காதீர்கள். நான்கு ஃபோனிலும் ஒரு நகல் உட்கார்ந்துவிடும். கேபிள் போட்டு ஒரே லேப்டாப்புக்கு மாற்றி, கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஒரு ஃபோல்டரில் வையுங்கள்.

ஃபோல்டருக்குப் பெயரோ ரோல் நம்பரோ வைக்க வேண்டாம். கல்லூரியில் ரோல் நம்பரும் பெயர் மாதிரிதான். க01, க02 என்று நீங்களே ஒரு எண் கொடுத்து, எந்த எண் யாருடையது என்பதை ஒரு நோட்டில் எழுதிக் கைடின் அலமாரியில் வையுங்கள். ஃபோன் படங்களில் இடமும் நேரமும் உள்ளே பதிந்திருக்கும், அதையும் நீக்குங்கள்.

எண்வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு படங்களை அழித்துவிட்டால் போதும் என்று சிலர் நினைப்பதுண்டு. டிலிப் மாடல் ஒரு முகத்தை 128 எண்களாக்குகிறது. பார்க்க வெறும் எண்கள்தான், ஆனால் அந்த ஆளைக் கூட்டத்தில் கண்டுபிடிக்க அவையே போதும். அதற்காகத்தானே கணக்கிட்டோம். படத்துக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு அந்த எண்களுக்கும்.

கிட்ஹப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. படங்கள் இருக்கும் ஃபோல்டரை, எதை ஏற்றக் கூடாது என்று சொல்லும் கிட்இக்னோர் ஃபைலில் முதல் நாளே எழுதிவிடுங்கள். ஒரு முறை தவறி ஏற்றிவிட்டுப் பிறகு அழித்தாலும், பழைய கமிட்டுகளில் (சேமிக்கப்பட்ட முந்தைய பதிப்புகளில்) அது அப்படியே இருக்கும்; தேடத் தெரிந்தவர் எடுத்துவிடுவார். வரலாற்றையே திருத்தி எழுத வேண்டும், அதற்குள் யாராவது ஃபோர்க் செய்து, அதாவது தன் கணக்குக்கு நகலெடுத்து, வைத்திருந்தால் அதுவும் பயனில்லை. எங்கள் ஜூனியர் விஷயத்தில் அதுதான் ஆனது.

ஆறாம் படி: திருப்பிக் கொடுத்துப் பாருங்கள்

மாடலைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை யோசிக்க வேண்டும். எல்லோருடைய படத்தையும் போட்டு மாடலையே புதிதாகப் பயிற்றுவித்தால், ஒருவர் விலகும்போது படத்தை அழிப்பது போதாது. அவர் முகத்தில் கற்றது மாடலுக்குள் இருக்கும். மறுபடி முதலிலிருந்து பயிற்றுவிக்க வேண்டும். அமெரிக்க வணிக ஆணையம் 2021இல் எவர்ஆல்பம் என்ற ஃபோட்டோ செயலி நிறுவனத்துக்கு இதைத்தான் உத்தரவிட்டது: பயனர்களின் படங்களைக் கொண்டு உருவாக்கிய மாடல்களையும் சேர்த்து அழி என்று. மாறாக, ஏற்கெனவே பயிற்சி பெற்ற மாடலை அப்படியே வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு எண்வரிசை மட்டும் பட்டியலில் சேர்த்தால், ஒருவர் விலகும்போது அந்த ஒரு வரியை நீக்கினால் வேலை முடிந்தது. துல்லியம் கொஞ்சம் குறையலாம். ஐம்பது பேர் உள்ள வகுப்புக்கு அந்தக் குறை பெரிதல்ல. நான் எப்போதும் இரண்டாவதைத்தான் செய்யச் சொல்கிறேன்.

அப்புறம் ஒரு ஒத்திகை. ஒரு சனிக்கிழமை, கைட் நோட்டைத் திறந்து ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லட்டும். க23 என்று வைத்துக்கொள்வோம். அவர் விலகிவிட்டார் என்று நினைத்து, படங்கள், எண்வரிசை, பேக்கப், ரிப்போர்ட்டில் ஒட்டிய ஸ்கிரீன்ஷாட், பிபிடியில் இருக்கும் படம் எல்லாவற்றையும் தேடி நீக்குங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது, எந்த இடத்தை மறந்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் ஒத்திகையில் பிபிடியை மறக்காத குழுவை இன்னும் நான் பார்க்கவில்லை.

ஏழாம் படி: முடிக்கும் நாள்

ரிப்போர்ட்டோடு ஒரு பக்கத் தகவல் தாளை இணையுங்கள்: யாரிடம் கேட்டீர்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், எத்தனை பேர் பாதியில் விலகினார்கள், எதற்குப் பயன்படுத்தினீர்கள், எப்போது அழிக்கிறீர்கள். மறுத்தவர்களின் எண்ணிக்கை பூஜ்யம் என்று வந்தால், கேட்ட விதத்தில் ஏதோ பிழை என்று நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ப்ரோகிராம் கோடை மட்டும் வெளியிடுங்கள், படங்களை வேண்டாம். முகத்தைத் தேடும் வேலை இல்லாத வேறு படத் தொகுப்பை வெளியிடுவதாக இருந்தால், தற்செயலாக வந்த முகங்களை மங்கலாக்கிவிடுங்கள். இமேஜ்நெட் தொகுப்பை நடத்துபவர்கள் 2021இல் 2,43,198 படங்களில் இருந்த 5,62,626 முகங்களை மங்கலாக்கினார்கள். பொருட்களை அடையாளம் காணும் மாடல்களின் துல்லியம் ஒரு சதவீத அளவுக்குள்தான் குறைந்தது.

ஜூனியர்கள் வந்து கேட்பார்கள். "அண்ணா, அந்த டேட்டாசெட் மட்டும் குடுங்களேன்." ப்ரோகிராம் கோடைக் கொடுங்கள், சம்மதத் தாளின் வாசகத்தைக் கொடுங்கள், படங்களை அவர்களே கேட்டு எடுத்துக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 30 அன்று நால்வரும் ஒன்றாக உட்காருங்கள். லேப்டாப், பேக்கப், லேப் கம்ப்யூட்டர், ஃபோன்களின் ரீசைக்கிள் பின் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அழியுங்கள். நோட்டில் ஒவ்வோர் எண்ணுக்கும் நேரே தேதி போடுங்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு செய்தி: "உங்கள் படங்களும் எண்வரிசையும் இன்று அழிக்கப்பட்டன. எங்களிடம் இப்போது எதுவும் இல்லை. நன்றி." அனுப்பி முடித்த பிறகு நோட்டையும் கிழித்துவிடுங்கள்.

என் வகுப்புத் தோழிக்கு அந்தச் செய்தியை நான் இன்னும் அனுப்பவில்லை. கிட்ஹப்பில் எங்கள் டேட்டாசெட்டின் பெயரில் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று மாதம் ஒரு முறை தேடிப் பார்க்கிறேன்.